அடியில் தங்கியதைக் கொட்டிவிடாதீர்கள்: சேத்துப்பட்டுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, சேத்துப்பட்டு, தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநருக்கும் அறிவியலாளர்களுக்கும்,

வணக்கம். நான் திருப்பூர்க்காரன். ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர். எல்.டி. என்று சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்கே புரியும். பணிக்காலத்தில் பெரும்பகுதி சளி ஸ்லைடு பார்த்தே போனது. நடுவில் சில ஆண்டுகள், கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஒரு கல்ச்சர் லேபில் இருந்தேன். டாக்டர் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் காசநோய்க் கிருமியைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கிருமி கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தன்மேல் ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு வாழக்கூடியது. நாமோ அதைப் பிரித்து உதிரி உதிரியாக ஆக்கிய பிறகுதான் மருந்தைச் சோதிக்கிறோம். இது எனக்கு வெகுநாள் உறுத்தல்.

உங்களுக்குத் தெரிந்த வேலைதான். இருந்தாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்ச்சர் லேபில் எல்.ஜே. மீடியம் என்று ஒன்று உண்டு. முட்டையோடு மாலகைட் கிரீன் சாயமும் மற்றதும் கலந்து, சாய்வாக உறையவைத்த பச்சைப் புட்டி. பக்குவப்படுத்திய சளியை அதில் போட்டு 37 டிகிரியில் வைத்தால் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், சில சமயம் எட்டு வாரம்கூட ஆகும். காலிஃபிளவரைக் கிள்ளி ஒட்டவைத்த மாதிரி சொரசொரவென்று வளர்ந்து நிற்கும். நிறம், சுண்டக் காய்ச்சிய பாலின் நிறம். மற்ற கிருமிகளைக் கம்பி லூப்பில் எடுத்துத் தண்ணீரில் விட்டால் மோர் மாதிரி கலங்கிவிடும். இது கலங்காது. ரொட்டித்தூள் மாதிரி மிதக்கும்.

மருந்துச் சோதனைக்கு இப்படித் தூள்தூளாகப் போட முடியாது. எவ்வளவு கிருமி போடுகிறோம் என்ற கணக்கு வேண்டும். அதனால் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் கிடக்கும் புட்டியில் போட்டு வோர்டெக்ஸ் மிக்சரில் வைத்து அதிரவிடுவோம். அப்புறம் கால் மணி, அரை மணி நேரம் அசைக்காமல் வைப்போம். உடையாத துண்டெல்லாம் அடியில் தங்கிவிடும். மேலே கலங்கலாக நிற்பதை மட்டும் பிப்பெட்டில் உறிஞ்சி, கலங்கலின் அளவைக் காட்டும் மெக்ஃபார்லண்ட் புட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதைச் சோதனைக்கு எடுப்போம். அடியில் தங்கியது ஆட்டோகிளேவுக்கு, அதாவது நீராவியில் கிருமியைக் கொல்லும் பெட்டிக்குப் போகும்.

எத்தனை ஆயிரம் புட்டி அப்படிப் போயிருக்கும்! அடியில் தங்கியது ஏன் உடையவில்லை என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர் ஒரு நோயாளி.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கும் ஓர் அண்ணன். ஆறு மாதம் ஒரு மாத்திரை விடாமல் சாப்பிட்டவர். சளி சுத்தமாகி, எடை ஏறி, வேலைக்குத் திரும்பினார். ஒரு வருடம் ஆவதற்குள் மறுபடி இருமலோடு வந்து நின்றார். சளியில் கிருமி இருந்தது. மருந்து கேட்கிறதா என்று பார்த்தால், எல்லா மருந்துக்கும் கேட்கிறது. அவர் என்னைக் கேட்டார்: "ஏனுங்க சார், மாத்திரை கேக்குதுன்னு ரிப்போர்ட்டுல போட்டிருக்குதுங்க. நானும் ஒரு நாள் விடலைங்க. அப்புறம் எப்படிங்க திரும்ப வந்துச்சு?"

வேறு யாரிடமிருந்தாவது புதிதாகத் தொற்றியிருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அது பொய் இல்லை, நம் ஊரில் அப்படியும் நடக்கும். ஆனால் முழு பதிலும் அது இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, மருந்தை எதிர்க்கும் கிருமி. அதன் மரபணுவே மாறிவிடும். மரபணுவைப் பார்க்கும் சிபிநாட் சோதனை, கல்ச்சர் என்று நாம் ஓடிஓடிக் கண்டுபிடிப்பது இதைத்தான். இன்னொன்று, மரபணுவில் எந்த மாற்றமும் இல்லாமல், இருக்கும் இடத்தாலும் இருக்கும் நிலையாலும் மருந்தைத் தாக்குப்பிடிக்கும் கிருமி. வெளியே எடுத்து வளர்த்தால் அதன் குஞ்சுகள் மருந்துக்குச் சாகும். உள்ளே இருந்தவரை சாகவில்லை. நம் ரிப்போர்ட்டில் இந்த இரண்டாவதுக்குக் கட்டமே கிடையாது.

படலத்தில் இருக்கும் கிருமி இந்த இரண்டாவது ரகம். பல்லில் படியும் அழுக்கு, தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் வழவழவென்று படிவது, எல்லாம் கிருமிகள் கட்டிக்கொள்ளும் படலங்கள்தான். பயோஃபிலிம் என்கிறார்கள், தமிழில் உயிர்ப்படலம். தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீர் சுத்தமாகும். சுவர் வழவழப்பு அப்படியே இருக்கும். இறங்கித் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் அடுத்த வாரம் தண்ணீர் பழையபடி நாறும்.

காசநோய்க் கிருமியும் படலம் கட்டும். திரவ ஊட்டத்தில், எந்தச் சோப்புச் சரக்கும் சேர்க்காமல், அசைக்காமல் வைத்தால், சில வாரங்களில் மேற்பரப்பில் சுருக்கம் சுருக்கமாக ஏடு படியும். ஆறிப்போன பாலில் ஆடை படிவது மாதிரியே இருக்கும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் அனில் ஓஜா, கிரஹாம் ஹாட்ஃபுல் ஆகியோரின் குழு 2008ல் இதை முறையாக ஆராய்ந்தது. அந்த ஏட்டில், கிருமியின் மேலுறையில் இருக்கும் மைகாலிக் அமிலம் என்ற கொழுப்புச் சரக்கு தனியாகத் திரண்டு கிடந்தது. மருந்தைத் தாக்குப்பிடிக்கும் கிருமிகளும் அதற்குள் இருந்தன.

அதற்காக இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக இருப்பது பேச்சுதான். கிருமி கயிறு திரித்த மாதிரி வளைந்து வளைந்து வளர்வதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள், இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் காலத்திலிருந்தே உண்டு. எம்.ஜி.ஐ.டி. என்ற திரவ ஊட்டக் குழாயில் கிருமி வளர்ந்து பாசிட்டிவ் ஆனதும், அதை ஸ்லைடில் தடவி ஒரு ஸ்மியர் போட்டுப் பார்ப்போமே, நீலப் பின்னணியில் சிவப்புக் கயிறாகத் தெரிந்தால் "இது டி.பி.தான்" என்று பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். அடையாளத்துக்கு அந்தக் கயிறு வேண்டும். மருந்துச் சோதனைக்கு மட்டும் அது வேண்டாம், உடைத்துவிட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கிருமி ஒட்டிக்கொள்ளாமல் உதிரியாக வளரட்டும் என்று ட்வீன் 80 என்னும் சோப்பு ரகச் சரக்கை ஊட்டத்தில் சேர்க்கும் வழக்கத்தை 1940களின் நடுவில் கொண்டுவந்தவர் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ரெனே டூபோ. 1947ல் அதே டூபோவும் மிடில்புரூக்கும் பியர்ஸும் சேர்ந்து, நோய் உண்டாக்கும் வீரியமுள்ள ரகங்கள் கயிறாகத் திரள்கின்றன, வீரியம் இல்லாதவை அப்படித் திரள்வதில்லை என்றும் காட்டினார்கள். இரண்டில் முதலாவதை உலகம் முழுக்க லேபுகள் அப்படியே பிடித்துக்கொண்டன. இரண்டாவது பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக நின்றுவிட்டது.

இன்னும் பின்னால் போனால் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் கதையும் இங்கேதான் வந்து நிற்கிறது. பிரான்ஸில் கால்மெட்டும் கெராங்கும் மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கில் வளர்த்தபோது அது கட்டிகட்டியாகத் திரண்டு தொல்லை கொடுத்தது. திரளாமல் இருக்க மாட்டுப் பித்தநீரைச் சேர்த்தார்கள். பித்தநீரும் ஒரு வகைச் சோப்புதான். அதில் வளர்த்தபோது வீரியம் குறைவதைக் கவனித்தார்கள். 1908ல் தொடங்கி 13 வருடம், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். 1921ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். வீரியம் போனதற்குக் காரணம் மரபணுத் துண்டுகள் உதிர்ந்துபோனது என்று பிற்பாடு தெரிந்தது. திரள் உடைந்ததால்தான் வீரியம் போனது என்று நான் கதை கட்டவில்லை. ஆனால் நூறு வருடத்துக்கு முன்பும் லேப் ஆட்களின் முதல் எரிச்சல் இந்தத் திரளாகத்தான் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, புட்டியில் ஏடு படிகிறது. நுரையீரலிலும் படியுமா? இத்தனை வருடம் இந்தக் கேள்விதான் எல்லோருடைய வாயையும் அடைத்துவைத்திருந்தது. இதற்குப் பதில் தேடியதில் நம் நாட்டு ஆய்வகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் அஸ்வனி குமார் குழுவினர், இந்தக் கிருமியின் படலத்தில் செல்லுலோஸ் இருக்கிறது என்று 2016ல் வெளியிட்டார்கள். செல்லுலோஸ் என்றால் பருத்தி நூலில் இருக்கிறதே, அதே சரக்கு. மனித உடம்போ எலி உடம்போ செல்லுலோஸ் தயாரிப்பதில்லை. ஆகவே நுரையீரல் திசுவில் கிருமி இருக்கும் இடத்தில் செல்லுலோஸ் தெரிந்தால் அது கிருமியின் வேலை என்று பிடித்துவிடலாம். 2021ல் அதையும் செய்தார்கள். நோய் உண்டாக்கிய எலிகளின் நுரையீரலில், குரங்குகளின் நுரையீரலில், காசநோயாளிகளின் நுரையீரல் திசுவில், மூன்றிலும் செல்லுலோஸ் தெரிந்தது. படலம் கட்டத் தெரியாத ரகங்கள் எலியில் சரியாகப் பிழைக்கவில்லை. செல்லுலோஸை அரிக்கும் செல்லுலேஸ் என்ற என்சைமை எலிகளுக்கு நெபுலைசர் மூலம் கொடுத்தபோது ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துகள் இரண்டும் இன்னும் நன்றாக வேலை செய்தன.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் செல்லுலேஸ் எங்கள் ஊர்ச் சரக்கு! திருப்பூரில் பயோ வாஷ் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். பின்னலாடைத் துணியின் மேல் பஞ்சுப் பிசிறு நிற்குமே, அதை அரித்தெடுக்க இந்த என்சைமைத்தான் போடுகிறார்கள். என் மச்சான் ஒரு வாஷிங் யூனிட்டில் மாஸ்டராக இருந்தவர். 55 டிகிரி சூடு, கொஞ்சம் புளிப்பான தண்ணீர், முக்கால் மணி நேரம். அதற்கு மேல் விட்டால் பிசிறோடு துணியும் போய்விடும். அதனால் நேரம் முடிந்ததும் சூட்டை ஏற்றி என்சைமைக் கொன்றுவிடுவார்கள்.

மச்சானிடம் இந்த ஆராய்ச்சியைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நெஞ்சுக்குள்ள ஏது மாமா 55 டிகிரி?" நல்ல கேள்வி. 37 டிகிரியில், புளிப்பில்லாத இடத்தில் வேலை செய்யும் ரகத்தைத்தான் தேட வேண்டியிருக்கும். அவர் இரண்டாவதாகச் சொன்னதும் முக்கியம். அந்த என்சைம் தூளாக வரும்போது மூக்கில் ஏறினால் சில தொழிலாளர்களுக்கு இழுப்பு வந்துவிடும். என்சைம் தூசியால் ஆஸ்துமா வருவது தொழில் மருத்துவத்தில் பழைய சங்கதி. எலிக்குக் கொடுத்ததை மனிதருக்குக் கொடுக்குமுன் அந்தக் கணக்கும் வேண்டும். படலத்தை அவிழ்த்துவிட்டு மருந்து போதாமல் போனால் உள்ளே அடைந்து கிடந்த கிருமி பரவுமே என்ற பயமும் எனக்கு உண்டு. ஆகவே நாளைக்கே நெபுலைசரில் ஊற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது செரிமானத்துக்கு விற்கும் என்சைம் மாத்திரையை வாங்கிப் பொடித்து முகர்ந்து தொலைக்கப் போகிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

2023ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. சிப் என்கிற சில்லில் செய்த சின்ன நுரையீரல் மாதிரியிலும் எலியிலும் பார்த்திருக்கிறார்கள். கிருமி செல்லுக்குள் கயிறாக வளர்ந்து செல்லின் கருவையே நெருக்குகிறது. அப்படி நெருக்குவதால் உடம்பின் எச்சரிக்கை மணி அமுங்கிப்போகிறது. கயிறுக்குள் இருக்கும் கிருமி மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதும் உயிரோட்டத்தோடு இருந்து, மருந்தை நிறுத்தியதும் சட்டென்று மறுபடி வளர்கிறது. இதைப் படிக்கும்போது ஓவர்லாக் அண்ணன் முகம்தான் ஞாபகம் வந்தது.

படலம் மட்டும்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். செல்லுக்குள் ஒளிந்த கிருமி உண்டு, பாலாடைக்கட்டி மாதிரி அழுகிய திசுவுக்குள் மருந்து சரியாக இறங்காததும் உண்டு, வளர்ச்சியை நிறுத்தித் தூங்கும் கிருமியும் உண்டு. திசுவில் தெரிவதைப் படலம் என்று சொல்லலாமா, வெறும் திரள் என்று சொல்லலாமா என்று உங்களுக்குள்ளேயே வழக்கு இருப்பதும் தெரியும். பெயர் எதுவாக இருந்தாலும் கிருமி அங்கே உதிரியாக இல்லை. என் வாதத்துக்கு அது போதும்.

இதை ஏன் சேத்துப்பட்டுக்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் உங்கள் நிறுவனம் பிறந்த கதை. 1956ல் அது தொடங்கியபோது, காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு என்பதுதான் உலக வழக்கம். எங்கள் பக்கத்தில் பெருந்துறை சானடோரியத்துக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று வீடே காத்துக்கிடந்த காலம். நீங்கள் 193 நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரைச் சென்னையின் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, ஒரு வருடம் ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ். என்ற அந்தக் கால மருந்தும் கொடுத்துப் பார்த்தீர்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. 1959ல் அந்த முடிவு வெளிவந்த பிறகு உலகம் முழுக்கச் சானடோரியக் கதவுகள் மூடத் தொடங்கின. எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காகவே செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்திக் கேள்வி கேட்ட இடம் அது.

தோற்றதையும் நீங்கள் மறைத்ததில்லை. ஆறு மாதத்தை நான்கு மாதமாகக் குறைக்க காட்டிஃப்ளாக்சசினையும் மாக்சிஃப்ளாக்சசினையும் வைத்துச் சோதித்தீர்கள். நோய் திரும்ப வருவது அதிகமாக இருந்ததால் பாதியிலேயே நிறுத்தி, அதை 2013ல் வெளிப்படையாகப் பதிப்பித்தீர்கள். மறு வருடம் வெளிவந்த பன்னாட்டு ரீமாக்ஸ் ஆய்விலும் இதே கதைதான். சளி முன்னதாகவே சுத்தமானது, ஆனால் மருந்தை நிறுத்திய பிறகு திரும்ப வந்தவர்கள் அதிகம். லேப் ஆளாக எனக்கு இதில் தெரிவது ஒன்று. சளியில் வருவது உதிர்ந்து வந்த கிருமி. உதிராமல் உள்ளே ஒட்டிக்கிடப்பதைப் பற்றிச் சளி எதுவும் சொல்வதில்லை. நானும் முப்பது வருடம் சளியை மட்டும் பார்த்துத்தான் "நெகட்டிவ்" என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. புது மருந்தோ புதுக் கூட்டு மருந்தோ உங்களிடம் சோதனைக்கு வரும்போது, உதிரிக் கிருமியில் பார்ப்பதோடு, ட்வீன் சேர்க்காமல் ஏடாக வளர்த்த கிருமியிலும் பார்க்க வேண்டும் என்பதை வழக்கமாக்குங்கள். மாவட்ட லேபுகளின் தலையில் இதைக் கட்ட வேண்டாம், அவர்களுக்கு இருக்கும் வேலையே போதும். எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பழைய முறைதான் சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. எந்த மருந்தை வளர்த்தெடுப்பது, எதைக் கைவிடுவது என்று முடிவு செய்கிற இடத்தில் மட்டும் ஏட்டுக்கும் ஓர் ஓட்டு இருக்கட்டும். ஏடு வளர்க்கும் முறை லேபுக்கு லேப் மாறுகிறது: எந்த ஊட்டம், எத்தனை நாள், மூடியை எவ்வளவு இறுக்குவது, உயிரோடு மிஞ்சியதை எப்படி எண்ணுவது. இதற்கு ஒரு பொது முறையை எழுதித் தருவதற்கு உங்களைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் வேறு எனக்குத் தெரியவில்லை. வேலை சலிப்பானது, பெரிய பெயரும் கிடைக்காது. மெக்ஃபார்லண்ட் புட்டி மாதிரி.

அப்புறம், சண்டிகரில் கண்டதை நம் பக்கத்து நோயாளிகளின் திசுவிலும் பாருங்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த நுரையீரல் துண்டுகள், குடும்பத்தார் சம்மதத்தோடு கிடைக்கும் இறப்புக்குப் பிந்தைய திசுக்கள், இவற்றில் வேறு கையால், வேறு கண்ணால் அந்தச் செல்லுலோஸ் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் அதையும் 2013ல் செய்தது மாதிரியே வெளியிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்குப் பணம்கூட வேண்டாம். சூப்பர்வைசர்களுக்கும் மாத்திரை கொடுக்கிறவர்களுக்கும் நீங்கள் எழுதும் கையேட்டில், இரண்டு மாதத்தில் சளி சுத்தமான பிறகும் ஏன் இன்னும் நான்கு மாதம் என்பதற்குக் காரணத்தை எழுதுங்கள். "கோர்ஸை முடிக்கணும்" என்பது காரணம் ஆகாது, அது உத்தரவு. நான் ஓய்வுபெறுமுன் கடைசி இரண்டு வருடம் தொட்டி வழவழப்பு உதாரணத்தைச் சொல்லிப் பார்த்தேன். "தண்ணி தெளிஞ்சிருச்சு, சுவரு இன்னும் தேய்க்கலை" என்றால் படிக்காத பாட்டிகூடத் தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு போனாள். அதை நீங்கள் உங்கள் மொழியில் செம்மையாக்கிக்கொள்ளலாம்.

ஓவர்லாக் அண்ணன் இரண்டாம் முறையும் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். இப்போது நைட் ஷிப்ட் போவதில்லை. பேக்கரியில் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கித் தருகிறார். கேள்வியை மட்டும் விடவில்லை, "காரணம் தெரிஞ்சுதுங்களா சார்?" என்று போன மாதமும் கேட்டார். நீங்கள் பதில் எழுதினால் தமிழிலேயே எழுதுங்கள், அவரிடம் அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எல்.டி. ஒருவன்,
திருப்பூர்.